காற்றாலையைப் பிடுங்கி நட்ட கேப்டன்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிச் சங்கக் கொட்டகை. கடலுக்குள் காற்றாலை நடப்போகிற ஒரு கம்பெனி, இரண்டு வரிசைக்கு நடுவே கப்பல் போக அரை மைல் வழி விட்டிருந்தது. மாலத்தீவுக்குத் தோணி ஓட்டும் தண்டல்கள் ஒன்றரை மைல் கேட்டார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்தால் சரக்கேற்றிய தோணி பக்கவாட்டிலேயே ஒரு மைல் இழுபடும். தோணிக்குப் பதினொரு உயிர். இவர்களிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து வாங்கி வரத்தான் ஓய்வுபெற்ற கேப்டன் கொரைராவைக் கம்பெனி அனுப்பியிருந்தது. மனுஷன் வாயைத் திறந்தாலே புளுகுதான். சம்பளத்துக்குப் புளுகுவது இதுதான் முதல் தடவை.

"டென்மார்க் பக்கம் கால் மைல் வழியில அறுபதாயிரம் டன் நிலக்கரியக் கொண்டுபோனவன் நான். மாலுமிங்க கைய நீட்டி றெக்கையத் தொடச்சிக்கிட்டே வந்தானுவ."

காற்று அடிக்கவில்லையா என்று தண்டல் சிலுவை மோத்தா கேட்டார். அவருடைய இரண்டு மகன்களும் அவர் தோணியில்தான் வேலை.

"அடிக்காம? கப்பலே படுத்துட்டு. சுத்தி வார றெக்கை ஒவ்வொண்ணும் ஒரு தட்டுத் தட்டும்லா, அந்தத் தட்டுலயே நிமித்திட்டேன். அன்னைக்கு வந்த கரண்டுக்கு, கரையில மூணு நாளா லைட்ட அணைக்க முடியல."

பின்னாலிருந்து ஒருவர் இருமினார். கேப்டன் அவருக்கும் சேர்த்துக் குரலை உயர்த்தினார்.

"அடுத்தாப்ல பனி. வழிக்கு நட்ட நடுவுல ஒரு காத்தாடி. ஹாரன் அடிச்சேன், ஒதுங்கல. இறங்கிட்டேன்."

"கடல்லயா?"

"இடுப்பளவுதான் தண்ணி. எனக்கு. ஒத்தக் கையால புடுங்கி, ஒரு மைல் தள்ளி நட்டேன்."

இன்னொரு கை என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அதில் டீ இருந்ததாம்.

கொட்டகையே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகக் கேப்டன் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். மோத்தா அதை வாங்காமல் கம்பெனி வரைபடத்தை விரித்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சி அண்ணாச்சி. நட்ட காத்தாடியவே தூக்கி வச்சவுக நீங்க. இதுல ஒரு வரிசைய ஒரு மைல் தள்ளி வரைஞ்சி குடுங்க. இந்தாங்க பென்சில். அத்தனை பேரும் கையெழுத்துப் போடுதோம்."

கேப்டன் பென்சிலைத் தொடவில்லை.

"கடல்ல நிக்கறதத் தூக்கிரலாம் தம்பி. கம்பெனி பேப்பர்ல போட்ட கோட்ட எவனும் அசைக்க முடியாது."

அன்றைக்கு அவர் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அதைக் கேட்ட பிறகு ஒரு தண்டலும் கையெழுத்துப் போடவில்லை.