முன்னால் சாயும் எழுத்து

"அந்த எழுத்தை அழிச்சிடுங்க, டீச்சர்."

கலியமூர்த்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்.

அமலி கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள். புதுச்சேரியில் எழுத்துரு வரையக் கற்றுத்தருபவள் அவள். எட்டு வருடம் முன்பு அவளிடம் கற்ற இந்த மாணவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

"எந்த எழுத்தை, அண்ணே?"

"நான் வரைஞ்சதை. ஐஸ்கிரீம் கடையில, பலூன் கடையில எல்லாம் போட்டுக்கிறாங்களே, அதை."

தடித்த எழுத்து அது. முனையெல்லாம் உருண்டிருக்கும். ஒவ்வொன்றும் வலப்பக்கம் சாய்ந்து, ஓடப்போவதுபோல் நிற்கும். அவர் வரைந்தது அந்த ஒன்றுதான். ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

"எங்க தெருமுனைக்கு வந்து பாருங்க. கண்ணீர் அஞ்சலி பேனரு. ஃப்ளெக்ஸ் கடைக்காரரு என் எழுத்துலயே போட்டிருக்காரு. செத்த புள்ள பேரு, சிரிச்சிக்கிட்டு ஓடுது."

அவர் மகன் இனியனுக்கு ஒன்பது வயது. கடல் அவனைக் கரையில் திருப்பிப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"வெளிய போன எழுத்தை எப்படிண்ணே திரும்ப வாங்குறது? எத்தனை கம்ப்யூட்டர்ல இருக்கோ."

"அப்போ நிமிர்த்தியாவது குடுங்க. நேரா நிக்கிற மாதிரி. சாவுக்குப் போட ஒரு எழுத்து வேணாமா? பேனரையாவது மாத்தி அடிச்சி வைக்கிறேன்."

அமலி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

அவர் முதன்முதலில் வரைந்த கோப்பை அவள் திறந்தாள். புது எழுத்து வரைகிறவர்கள் ஏதாவது ஒரு சொல்லை அதில் எழுதி எழுதிப் பார்ப்பார்கள். அவருடைய சொல் திரையில் வந்தது.

இனியன்.

"வேற சொல்லே போட்டுப் பாக்கலையா நீங்க?"

"அப்போதான் நடக்கப் பழகுனான். எங்க நடந்தான்? விழுற மாதிரியே ஓடுவான். முட்டியெல்லாம் கொழுக்கட்டையா உருண்டிருக்கும். அவனைப் பாத்துக்கிட்டேதான்…"



அமலி சாய்வின் அளவைக் குறைத்தாள். பன்னிரண்டு. எட்டு. மூன்று.

எழுத்துகள் மெல்ல நிமிர்ந்தன.

பூஜ்யம்.

பெயர் நின்றது.

கலியமூர்த்தி பார்த்தார். கரையில் அசையாமல் கிடந்தவனைப் பார்த்ததுபோலப் பார்த்தார்.

"இப்படியே வச்சிடவா, அண்ணே?"

அவர் குனிந்து அவள் கையிலிருந்து மவுசை வாங்கினார். ஒன்று. நான்கு. ஏழு. பெயர் மறுபடி முன்னால் சாய்ந்தது.

பன்னிரண்டில் கையை எடுத்தார்.

"எங்க ஓடுறான், டீச்சர்?"



மவுசை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"பேனரு இருக்கட்டும்," என்றார். "அவனைப் புடிச்சி நிறுத்தாதீங்க."