கத்தரிப் பாத்தியில் நடந்த போர்

வேங்கைநல்லூர் அரசர் உத்தண்டராயருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். தன் கையாலேயே நாற்று நட்டு, தண்ணீர் ஊற்றி, அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பாத்தி வளர்த்தார். காய் பிடிக்கிற நேரம் பார்த்து அசுவினிப் பூச்சி வந்து அப்பிக்கொண்டது. இலைக்கு அடியில் ஆயிரம் ஆயிரமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சியது. இலைகள் சுருண்டன. அரசர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"அரசே, உத்தரவு கொடுங்கள். ஒரே நாழிகையில் துரத்திவிடுகிறேன்" என்றார் சேனாபதி வச்சிரபாகு.

முந்நூறு வீரர்கள் பாத்தியைச் சூழ்ந்தார்கள். சங்கு முழங்கியது. "சரணடையுங்கள்!" என்று சேனாபதி கத்தினார். அசுவினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டத்து யானையை உள்ளே விட்டார்.

மாலையில் வந்து வணங்கினார். "கடும் போர், அரசே. எதிரி பின்வாங்கவில்லை. நம் தரப்பில் மூன்று வரிசைச் செடிகள் வீரமரணம்."

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த நேரம் பார்த்து அவைப்புலவர் மங்கைபாகன் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"சிரிப்பா வருகிறது? மூன்று நாள் தருகிறேன். அதற்குப் பிறகு என் பாத்தியில் ஒரு பூச்சி இருக்கக் கூடாது!"

"இருந்தால், அரசே?"

"நீர் இருக்க மாட்டீர். இந்த நாட்டில்!"

மங்கைபாகனின் சிரிப்பு நின்றது. மனைவி பிள்ளைகளோடு எந்த ஊருக்குப் போவது? நேரே அரண்மனை மடைப்பள்ளிக்கு ஓடினார். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அம்மியில் வைத்து விழுதாக அரைத்தார். ஒரு பானைக் கோமியத்தில் கரைத்து மூடி, ஓர் இரவு ஊறவிட்டார்.

காலையில் அவர் குளிக்கப் போன சமயம் சேனாபதி வேவு பார்க்க வந்தார். பானையைத் திறந்தார். பூண்டு வாசனை. "அடடா, பூச்சிக்குக் குழம்பு வைக்கிறானா?" விரலை விட்டு ஒரு நக்கு நக்கினார். அதன்பின் நாள் முழுக்க அவர் வாயைத் திறந்தால் எதிரே நின்றவர்கள் ஓடினார்கள்.

மங்கைபாகன் கரைசலைத் துணியில் வடிகட்டினார். பத்துப் பங்கு தண்ணீர் விட்டார். இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் பூந்திக்கொட்டை நுரையும் சேர்த்தார். வேப்பங்கொத்தை அதில் தோய்த்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒவ்வோர் இலையாகத் திருப்பி அடிப்பக்கம் தெளித்தார். மறுநாளும் தெளித்தார். இடுப்பு ஒடிந்தது. ஆனால் அசுவினி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

மூன்றாம் நாள் அரசர் வந்தார். சேனாபதி முழங்காலிட்டு இலை இலையாகத் தேடினார். திடீரென்று துள்ளினார்.

"அரசே! இதோ ஒரு பூச்சி! சிவப்பு, முதுகில் கறுப்புப் புள்ளி!"

பொறிவண்டு ஒன்று இலைமேல் நடந்துகொண்டிருந்தது. அரசர் முகம் கறுத்தது. "புலவரே, மூட்டை கட்டும்."

"கட்டுகிறேன், அரசே. அதற்கு முன்னால் அதன் வாயைக் கொஞ்சம் பாருங்கள்."

அரசர் குனிந்தார். வண்டு கடைசி அசுவினியை மென்றுகொண்டிருந்தது.

"பூச்சி இருக்கக் கூடாது என்றீர்கள். வீரன் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லையே! சீருடையைப் பாருங்கள். நாளுக்கு ஐம்பது எதிரியைத் தின்பவர். சம்பளம் கேட்டதில்லை."

அரசர் வண்டைப் பார்த்தார். சேனாபதியைப் பார்த்தார். மறுபடி வண்டைப் பார்த்தார்.

"இன்று முதல் இவர்தான் இந்தப் பாத்தியின் தளபதி. வச்சிரபாகு, வணக்கம் வையும்!"

சேனாபதி பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வாளை உருவி வணக்கம் வைத்தார். வண்டு சிறகை விரித்துப் பறந்தது.

"பார்த்தீர்களா அரசே! தளபதி களத்தை விட்டு ஓடுகிறார்!"

"ஓடவில்லை ஐயா, வெண்டைப் பாத்திக்குப் போகிறார்" என்றார் மங்கைபாகன். "நீங்கள் வாளை உறையில் போடுவதற்குள் அங்கே நாலு பேரைத் தின்றாக வேண்டாமா?"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று பாத்தியில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து, அதிலேயே முதல் பறிப்புக் கத்தரிக்காயை நிரப்பிப் புலவரிடம் நீட்டினார்.