சட்டியில் வளர்ந்த நாடு

யார் பக்கமும் சாயாமல் கேட்க முடிந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்கலாம்.

ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சாக்ஸன் மக்களின் சிறு நாடு ஒன்று இருந்தது. அங்கே ஒரு வழக்கம். அரசர்கள் பதவியேற்கும் அரச மேட்டில் புல்லோடு பெயர்த்த மண்கட்டியை, அரச ரத்தம் உள்ள ஒருவர் தம் கையால் கொடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர்தான் அரசர். சபையே கூடித் தேர்ந்தெடுத்தாலும், அந்த மண் கைக்கு வராதவரை அவர் அரசர் இல்லை.

கிழ அரசர் சாகும் தறுவாயில், சபையோர் பேச்சைக் கேட்டு, மூத்த மகன் எட்மரை விட்டுவிட்டு இளையவன் கையில் மண்ணை வைத்தார். மூத்தவன் முன்கோபி என்று காரணம் சொன்னார்கள். சொன்னவர்கள் அத்தனை பேரும் பிறகு இளையவனிடம் மானியமாக நிலம் வாங்கினார்கள். எட்மரை நாடு கடத்தினார்கள். போகிற வழியில் அவன் அரச மேட்டில் ஒரு கட்டியைப் பெயர்த்து, மண்சட்டியில் வைத்துக்கொண்டு படகேறினான்.

கடலுக்கு அப்பால் கில்பர்ட் என்ற நார்மன் பிரபு, எதுவும் கேட்காமல் அவனுக்கு இடமும் உணவும் கொடுத்தான். காலையில் கண் விழித்ததும் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் எட்மரின் முதல் வேலை. பனிக்காலத்தில் அதைக் கணப்பின் பக்கத்தில் வைப்பான். மூக்கில் புல் உரசும்படி குனிந்து மோந்து பார்ப்பான். தம் நாட்டை அவர் ஒரு கையால் தூக்கிவிடுகிறார் என்று கில்பர்ட்டின் வீரர்கள் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். பிறகு ஊரிலிருந்து யாராவது கூப்பிட வருகிறார்களா என்று கடலைப் பார்ப்பான். தலை நரைத்தது. ஒரு படகும் வரவில்லை.

தம்பி பிள்ளையில்லாமல் இறந்தான். சபை, தளபதி உல்ஃப்காரைத் தேர்ந்தெடுத்தது. நல்ல வீரன்தான். ஆனால் மண் எடுத்துக் கொடுக்க அரச ரத்தத்தில் அங்கே யாரும் மிச்சமில்லை. செய்தி கேட்ட கில்பர்ட், எட்மரை அரசனாக்கக் கப்பல்களைத் திரட்டினான். முதல் முறையாக எட்மரிடம் ஒன்று கேட்டான். புனிதரின் எலும்பு வைத்த பேழைமேல் கை வைத்து எட்மர் சத்தியம் செய்தான்:

"நான் அரசனானால், எனக்குப் பின் நாடு உனக்கு."

ஊர் திரும்பும் ஆசையில் அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கரை நெருங்கியது. நனைந்த மண்ணும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை வந்ததும் அவன் சட்டியை எடுத்துக்கொண்டு ஒரு சிறு படகில் ஏறினான். அந்தப் படகை நோக்கி, ஆயுதமில்லாமல், முழங்கால் தண்ணீரில் உல்ஃப்கார் நடந்து வந்தான்.

"இளவரசே, இறங்குங்கள். நான் விலகிக்கொள்கிறேன்."

"இவ்வளவு நரைத்த இளவரசனை எங்கே பார்த்திருக்கிறாய்? ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை?"

உல்ஃப்கார் தலை குனிந்தான். "கப்பல்களைப் பார்த்த பிறகுதான் உங்கள் நினைவு வந்தது."

எட்மர் அவனைத் தாண்டி மேட்டைப் பார்த்தான். இறங்கினால், அரச ரத்தமான அவன் தன் கையாலேயே மண்ணை எடுத்துக்கொண்டு அரசனாகலாம். அவனுக்குப் பின் நாடு அந்நியனுக்கு. இறங்கிவிட்டுச் சத்தியத்தை மீறினால், உண்ட வீட்டுக்குத் துரோகம்.

சட்டியிலிருந்து மண்கட்டியை இரு கைகளாலும் எடுத்து உல்ஃப்காரிடம் கொடுத்தான். "நீதான் அரசன். காலையில் தண்ணீர் ஊற்று."

உரிமைக்காரனே ஒருவனை அரசனாக்கிய பின் சண்டையிட்டால் அது வெறும் கொள்ளை என்று கில்பர்ட்டின் ஆட்கள் வாளை எடுக்க மறுத்தார்கள். எட்மரோடு கப்பல்கள் திரும்பின.

"என் ரொட்டியைத் தின்று என்னையே ஏமாற்றினாய்" என்றான் கில்பர்ட்.

"நான் அரசனாகவில்லை, கில்பர்ட். சத்தியம் அப்படியே இருக்கிறது."

மறுநாள் காலை, கடல் நடுவே, எட்மர் எழுந்து வெறும் சட்டியில் தண்ணீர் ஊற்றினான்.

நாட்டைக் கொடுக்க வந்தவன் உல்ஃப்கார். காலமெல்லாம் உணவிட்டு, போரிடாமல் திரும்பியவன் கில்பர்ட். வாசல்வரை வந்து இறங்காமல் போனவன் எட்மர். இவர்களில் அரசனாகத் தகுந்தவன் யார்?

விடை: உல்ஃப்கார் கொடுக்க வந்தது இன்னும் தன் கைக்கு வராத நாட்டை; அதையும் பயந்த பிறகு. கில்பர்ட் சத்தியம் கேட்ட அன்றே உணவுக்கு விலை வைத்துவிட்டான். அவன் போரிடாமல் திரும்பியதுகூட ஆட்கள் மறுத்ததால்தான். தன்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தவன் எட்மர் மட்டுமே. வாக்கும் தவறவில்லை, நாடும் தப்பியது. அரசன் அவன்தான். கூப்பிட்டு அனுப்பாத ஊரை அவன் மன்னித்தானா என்று கேட்காதீர்கள். மன்னிக்காமலும் இதைச் செய்யலாம்.