பதினொரு ‘சரிங்க’

“அந்தம்மா தேற மாட்டாங்க மேடம். எனக்கு வேற ஆளைக் குடுங்க.”

சொன்னவர் பூங்கோதை. வயது நாற்பத்து நாலு. பதினெட்டு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு, இப்போது சமூகப்பணி படிக்கிறார். களப்பயிற்சிக்காகத் திருப்பூரில் ஒரு காசநோய் மையத்துக்கு வந்திருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பெனாசிர், பயிற்சி மேற்பார்வையாளர். பத்தாம் வகுப்பில் பூங்கோதையிடம் படித்திருந்தால் காதில் ஒரு திருகு வாங்கியிருக்கக்கூடிய வயது.

‘அந்தம்மா’ என்பது மாராத்தாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டிய மாத்திரையை மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டார். இப்படியே விட்டால் நோய் எந்த மருந்துக்கும் அடங்காமல் போகும். பிறகு உயிர் தங்குவது கஷ்டம்.

“என்ன பேசினீங்க?”

பூங்கோதை அறிக்கையை நீட்டினார். ஒன்பது பக்கம். பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும் என்பது களப்பயிற்சியின் விதி. இடது பக்கம் நோயாளி சொன்னது, வலது பக்கம் நாம் சொன்னது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கடைசியில் ‘பயனாளி நன்கு ஒத்துழைத்தார்’ என்று எழுதி அடிக்கோடு வேறு.

பெனாசிர் முழுவதும் படித்தார். பிறகு எழுந்து, சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“அங்க உக்காருங்கக்கா. இப்ப நீங்கதான் மாராத்தாள்.”

“நீங்க?”

“நான் பூங்கோதை.”

வலது பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். கிருமியின் வடிவம். அது பரவும் விதம். நுரையீரலின் மடல்கள். ஒரு வார்த்தை விடவில்லை.

“புரிஞ்சுதாம்மா?”

“சரிங்க மேடம்,” என்றார் பூங்கோதை. இடது பக்கத்தில் அதுதானே இருந்தது.

அடுத்த பக்கம்.

“சரிங்க மேடம்.”

நாலாம் பக்கத்தில் பூங்கோதைக்கு முதுகு வலித்தது. ஐந்தாம் பக்கத்தில் ஏதோ கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். பெனாசிர் நிறுத்தவில்லை. அறிக்கையில் அந்த இடத்தில் இடைவெளி இல்லை.

ஏழாம் பக்கத்தில் ‘சரிங்க’ சொல்லும்போதே எரிச்சல் வந்துவிட்டது. இந்தப் பொம்பளை எப்போதுதான் எழுந்து போவாளோ என்றிருந்தது.

எந்தப் பொம்பளை என்பது அடுத்த நொடி உறைத்தது. பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டார்.

மொத்தம் பதினொரு ‘சரிங்க’.

பெனாசிர் அறிக்கையை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“வேற ஆள் வேணுமாக்கா?”

“வேண்டாம் மேடம்.”

மறுநாள் காலை மாராத்தாள் வீட்டில் பூங்கோதை பாயில் உட்கார்ந்தார். நோட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது பதினெட்டு வருடப் பழக்கத்துக்கு விரோதமான காரியம். நாக்கு துடித்தது. சமாளித்தார்.

மாராத்தாள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார்.

“இன்னைக்கு ஒன்னும் சொல்லலீங்களா மேடம்?”

“இல்லீங்க. நீங்க சொல்லுங்க.”

“நான் என்னத்தைச் சொல்றது.”

டீ போட்டார். இருவரும் குடித்தார்கள். காலி டம்ளரை வாங்கும்போது மாராத்தாள் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மாத்திரை போட்டா ஒன்னுக்கு செவப்பாப் போகுதுங்க. ரத்தந்தான். கம்பெனி கக்கூசுல பாத்தேன், ஒடம்பே நடுங்கிப்போச்சு. யாருகிட்டப் போயி இதைச் சொல்றது? மாத்திரையை நிறுத்துனேன், அதுவும் நின்னுபோச்சு.”

பூங்கோதைக்கு அறிக்கை ஞாபகம் வந்தது. ஒன்பது பக்கத்தில் இந்த ஒரு விஷயம்தான் இல்லை.

“அது ரத்தம் இல்லீங்க. மாத்திரையோட சாயம். அதைப் போட்டா அப்படித்தான் போகும்.”

“சாயமா?”

“சாயந்தாங்க.”

மாராத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. சாகப்போகிறோம் என்று இத்தனை நாள் தனியாக நினைத்துக்கொண்டிருந்த மனுஷி. பூங்கோதைக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

“வாங்க, இப்பவே டாக்டரைப் பாத்து மறுபடி ஆரம்பிச்சுடலாம்.”

மாராத்தாள் செருப்பை மாட்டினார். கதவைப் பூட்டினார்.

“இதை மொத நாளே என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்று கேட்டார் பூங்கோதை.

மாராத்தாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நீ எங்க கண்ணு பேச விட்ட?”