பகலில் எரியும் விளக்கு

ஆளவந்தாரிடம் சித்திரம் கற்றவர்களில் மூத்தவன் உலகளந்தான். அவனுக்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்து சேர்ந்தவள் நங்கை.

கோயில் மண்டபச் சுவரில் நங்கை ஒரு பெண்ணை வரைந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுவிட்டார்கள். உலகளந்தானின் சித்திரங்களைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அவற்றின் முன் யாரும் நிற்கவில்லை.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கப் போகிற வழியிலும் அந்தப் பெண்ணின் முன் நின்று குறை தேடினான்.

ஒரு காலை, நங்கை இல்லாத நேரம் பார்த்து, சுண்ணாம்புச் சட்டியோடு மண்டபத்துக்குள் நுழைந்தான். ஆளவந்தார் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, இதில் பிழை அதிகம். குடமுழுக்குக்கு முன் அழித்துவிடலாம்.”

“அழிக்கலாம். என்ன பிழை?”

“ஒரு காதில்தான் தோடு இருக்கிறது. மற்றது கையில். சாளரத்தில் வெயில் விழுகிறது, விளக்கும் எரிகிறது. கிண்ணத்துச் சந்தனம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது.”

“பகலில் ஏன் விளக்கு?”

“இரவெல்லாம் எரிந்திருக்கும். அணைக்க மறந்திருப்பாள்.”

சொல்லிவிட்டு உலகளந்தான் சுவரைப் பார்த்தான்.

“சந்தனம்?”

“நேற்று மாலை அரைத்தது. காய்ந்துபோயிற்று.” அவன் குரல் தணிந்தது. “அவள் தோட்டைப் போடவில்லை, ஐயா. கழற்றுகிறாள். அவள் காத்திருந்தவன் வரவில்லை.”

“அதற்காக அழுகிறாளா?”

“இல்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருக்கிறாள். அவன் யார் வீட்டில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரி எப்படிச் சிரிப்பாள், எப்படி நடப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறாள். தன்னிடம் இல்லாத எது அவளிடம் இருக்கிறது என்று...”

அவன் நிறுத்தினான். சட்டியைக் கீழே வைத்தான்.



சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே உலகளந்தான் கேட்டான்.

“நங்கை சாதுவான பெண். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. இவ்வளவு பொறாமை அவளுக்கு எங்கே கிடைத்தது?”

“உன் முதுகுக்குப் பின்னால்,” என்றார் ஆளவந்தார். “நீ வரையும்போதெல்லாம் அங்கே நின்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளாவது நீ திரும்பியிருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருப்பாய்.”