தொட்டிலைத் தாண்டிய குரல்

ஒருத்தி இரண்டு இடத்தில் இரண்டு வாக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டையும் காத்தால் ஓர் உயிருக்கே ஆபத்து என்று ஆகிப்போனால், அவள் இடத்தில் நீங்கள் எதை உடைப்பீர்கள்? அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மாடத்தியின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மாடத்தி பாடுகிறவள். அவள் கொழுந்தன் வேலாண்டி புல்லாங்குழல் ஊதுவான். வேலாண்டியின் பெண்டாட்டி எசக்கி மண்பானையை விரல்நுனியால் தட்டுவாள். மொத்தக் குழுவே இவ்வளவுதான். ஊரில் அம்மன் கோயில் திருவிழாவான கொடையின் கடைசி நாள், மேளக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்தபின், அம்மனைத் தொட்டிலில் போட்டு இவர்கள் தூங்கவைப்பார்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு கட்டு உண்டு. பாடுகிறவள் குரல் தொட்டிலைத் தாண்டக் கூடாது. கேட்க ஆசையுள்ளவர்கள் கிட்டே வந்து குனிந்துதான் கேட்க வேண்டும். குரல் தாண்டிவிட்டதோ, அவள் அப்புறம் தொட்டில் கயிற்றைத் தொட முடியாது, வேறொருத்தி உட்காருவாள். கயிறு கைக்கு வந்த அன்று மாடத்தி ஊர்ப்பெண்கள் முன்னால் இதற்கு வாக்குக் கொடுத்தாள். வருஷம் பூராவும் அவள் காத்துக் கிடப்பது அந்த ஒரு பாட்டுக்காகத்தான்.

நகரத்தில் பெரிய இசைவிழா நடத்தும் நம்பிராஜன் கொடைக்கு வந்தார், குனிந்து கேட்டார், சொக்கிப்போனார்.

"எங்க விழாவுல வந்து பாடணும், தாயி."

"நான் குரலை உசத்த மாட்டேன், அண்ணாச்சி."

"நீ ஏன் உசத்தணும்? மைக்கு எதுக்கு இருக்கு?"

மூன்று பேருக்கும் அது சரியென்றே பட்டது. சத்தத்தைக் கூட்டினால் அது மைக்கின் பாடு, நம் பாடு இல்லையே.

விழாவன்று சாயங்காலம் மைதானத்தில் எங்கே பார்த்தாலும் தலை. பக்கத்து மேடை டிரம்ஸ் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. ஏறப் போகிற நேரத்தில் நம்பிராஜன் ஓடிவந்தார்.

"அடுத்தாப்புல வர்ற பறையாட்டக் குழுவோட வண்டி நெரிசல்ல மாட்டிக்கிட்டுது. அவங்க வர்ற வரைக்கும் மேடையைக் காலியா விட்டுராதே. போன வருஷம் காலியாக் கெடந்து, சனம் முண்டியடிச்சு, தடுப்புக் கம்பியே வளைஞ்சுபோச்சு."

"விடமாட்டேன் அண்ணாச்சி," என்றாள் மாடத்தி. ஆக, வாக்கு இரண்டாயிற்று.

பாடத் தொடங்கினாள். ஓரத்தில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெபராஜ் கையை மேலே மேலே தூக்கிக் காட்டினான். "அக்கா, கொஞ்சம் சத்தங் குடுங்க. இதுக்கு மேல நான் ஏத்துனா மைக்கு ஊளையிடும்." அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

முன்வரிசை அசையாமல் கேட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. என்னவோ நல்லதாகப் பாடுகிறார்கள் என்று ஓர் அடி முன்னே வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர்களும் ஓர் அடி. யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஊரில் கிட்டே வருகிற மாதிரியே வந்தார்கள். ஊரில் தடுப்புக் கம்பி கிடையாது, இங்கே இருந்தது. அந்தக் கம்பியோடு ஒட்டி, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அப்புறம் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

பாடிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள் மாடத்தி. நிறுத்தினால் மேடை காலி. உசத்தினால் கயிறு போயிற்று. இப்படியே பாடினால் அந்தப் பிள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வேலாண்டி குழலை எடுத்துவிட்டான். "மதினி, நம்ம பாட்டுக்குத்தான் இந்தத் தள்ளு. நிறுத்துங்க," என்று சொல்லிக்கொண்டே முன்பக்கமாகக் கீழே குதித்தான், குழந்தையையும் தாயையும் கம்பிக்கு இந்தப் புறம் இழுத்துப் போட்டான். அவர்கள் நின்ற இடத்தில் அடுத்த கணமே வேறு இரண்டு பேர் நெரிபட்டார்கள்.

பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று எசக்கி உள்ளங்கையால் பானையை ஓங்கி அறைய ஆரம்பித்தாள். கட்டு குரலுக்குத்தானே, பானைக்கு இல்லையே. மேடையும் காலியாகவில்லை. ஆனால் அடி கேட்ட இளவட்டங்கள் நின்ற இடத்திலேயே குதித்தார்கள், நெரிசல் இன்னும் கூடிற்று.

மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, அந்தத் தாலாட்டை ஓங்கிப் பாடினாள். மைதானத்தின் கடைசி ஆளுக்கும் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கம்பி ஓரத்தில் மூச்சு வந்தது. அதற்குள் பறையாட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

திரும்பும் வேனில் பேச்சுத் தடித்தது.

"பிள்ளையைத் தூக்கினவன் நான். மதினி பாட்டைக் கொன்னதுதான் மிச்சம்," என்றான் வேலாண்டி.

"பாதியில இறங்கி ஓடினவரு பேச்சைப் பாரு," என்றாள் எசக்கி. "எந்த வாக்கையும் உடைக்காதவ நான் ஒருத்திதான்."

"ஆமாட்டி, நீ தட்டின தட்டுல பாதி சனம் சாமியாடிச்சு."

நீங்கள் சொல்லுங்கள். ஒருவன் பாட்டை விட்டு உயிரைப் பிடித்தான். ஒருத்தி வாக்குக்குள்ளேயே வழி தேடினாள். ஒருத்தி வாக்கை உடைத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாடத்தி செய்ததே சரி. தள்ளு புறப்பட்டது கம்பி ஓரத்தில் இல்லை, பாட்டுக் கேட்காத பின்வரிசையில். வேலாண்டி கண்ணில் பட்டவர்களைக் காப்பாற்றினான். நல்ல காரியம், ஆனால் தள்ளு நிற்கவில்லை. எசக்கி வாக்கைக் காத்தாள், ஆட்களை மறந்தாள். தள்ளு எங்கே பிறந்ததோ அங்கே போய்ச் சேர்ந்தது மாடத்தியின் குரல் மட்டும்தான். கிட்டே வந்தால்தான் கேட்கும் பாட்டை, கிட்டே வர வழியில்லாத மைதானத்துக்குக் கூப்பிட்டது நம்பிராஜனின் பிசகு. மைக்கை நம்பித் தலையாட்டியது மூவரின் பிசகு. சரியானதைச் செய்தாள் என்பதற்காக ஊர்க்கட்டு மாறிவிடுமா? மாறாது. அது மாடத்திக்கும் தெரியும். வேன் ஊர் எல்லையில் திரும்பும்போது அவள் எசக்கியின் மடியிலிருந்த பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இனிமே இதை நான் தட்டுதேன். வர்ற கொடைக்கு நீ பாடு, எசக்கி. மெதுவாப் பாடு."