பல்லியக்கா சொன்ன சாட்சி

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. ஒரு பாஷை இல்லை, பல பாஷை. எந்த வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறதோ, அந்த வீட்டுப் பேச்சு பத்தே நாளில் அதற்கு வந்துவிடும்.

அப்படி ஒரு பல்லி ஏரிமேட்டில் இருந்தாள். ஏரி வெட்டும்போது உண்டான ஊர் அது. மண் வெட்டத் தெலுங்குக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் துணி நெய்ய மராட்டிக்காரர்கள் வந்தார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு கன்னடக்காரர்கள் வந்தார்கள். ஏரி நிரம்பிய பிறகும் யாரும் திரும்பிப் போகவில்லை. தெருவில் எல்லாரும் தமிழ்தான். கதவைச் சாத்திய பிறகு என்ன பேசினார்கள் என்பது பல்லிக்குத்தான் தெரியும். அவளை ஊரே பல்லியக்கா என்று கூப்பிட்டது.

அந்த வருஷம் பல்லியக்கா, கிணறு வெட்டுகிற ஓபுலம்மா வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல் பார்த்து இரண்டு முட்டை இட்டிருந்தாள். முட்டைக்கு அடுப்புச் சூடு இதம். ஓபுலம்மாவும் தெரிந்தேதான் அந்த விரிசலை மண் வைத்துப் பூசாமல் விட்டிருந்தாள்.

அப்போது பார்த்து ஊர்ப்பெரியவர் மாதப்பனுக்குப் பல்லக்கு ஆசை வந்தது. வீட்டிலும் தெருவிலும் ஒரே பாஷை பேசுகிற ஊர்களின் பெரியவருக்கு ராஜா பல்லக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரருக்குக் கிடைத்துவிட்டது. மாதப்பன் கட்டிலில் நாலு தலையணையை அடுக்கி, எந்தப் பக்கம் சாய்ந்தால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு வாரம் பழகிப் பார்த்தார். பிறகு பல்லியைக் கூப்பிட்டார்.

"பல்லியக்கா, பௌர்ணமி அன்னைக்கு அரமனை அதிகாரி வர்றாரு. வீடு வீடாப் போயி உள்ள என்ன பாஷை ஓடுதுன்னு கேட்டுட்டு வா. சாவடியில வச்சு எல்லாரு முன்னாலயும் சொல்லணும்."

"வேற பாஷை பேசுனா?"

"வீட்டை இடிச்சுட்டு ஏரிக்கு அந்தாண்ட கரட்டுல போயி இருக்கட்டும்."

பல்லிக்கு முட்டை ஞாபகம் வந்தது. "எனக்கு எதுக்குங்க இந்த வேலை? நான் பூச்சி புடிச்சுப் பொழைக்கிறவ."

"அடுப்படி வரைக்கும் உன்னை விட்டா வேற யாரு போவா? பொய் சொன்னா காலு செவுத்துல ஒட்டாமப் போவட்டும்னு சத்தியம் பண்ணு."

அவர் முறைத்த முறைப்பில் பல்லி சத்தியம் பண்ணிவிட்டாள். பண்ணிய பிறகுதான் யோசித்தாள். கால் ஒட்டாத பல்லியை ஓணான்கூடச் சேர்த்துக்கொள்ளாது.

சேதி ஊருக்குள் பரவியது. மறுநாளிலிருந்து எல்லா வீட்டிலும் தமிழ்தான். ஓபுலம்மா தன் ஒரு வயதுப் பெண்ணுக்குத் தமிழில் கூழ் ஊட்டினாள். குழந்தை அவளை வேற்றாள் மாதிரி பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"காலையில இருந்து பட்டினி கெடக்குது பல்லியக்கா. யாரோ புதுசா வந்து ஊட்டுறாங்கன்னு நெனைக்குது போல."

பொழுது சாய்வதற்குள் ஓபுலம்மாவுக்குத் தாங்கவில்லை. குழந்தையின் காதோடு காதாகத் தெலுங்கில் ஏதோ சொன்னாள். வாய் கிணறு மாதிரி திறந்தது.

ஓபுலம்மா மேலே பார்த்தாள். "கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்டி."

"எங்களை அனுப்புனா இந்தச் செவுரும் இருக்காது. உன் முட்டையும் இருக்காது."

"அதுக்குத்தான்டி நானும் ஒரு வழி தேடுறேன்."

அடுத்து பல்லி நெசவாளி வீட்டுக்குப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாளாகச் சண்டையே போடவில்லை. தமிழில் திட்டினால் திட்டின மாதிரியே இல்லையாம். இரண்டு பேருக்கும் முகம் வீங்கிப்போயிருந்தது. நாலாம் நாள் தறிக்குழிக்குள் குனிந்துகொண்டு மராட்டியில் ஆசை தீரத் திட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

கடைசியில் மாதப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் புறக்கடையில் குளிக்க உட்கார்ந்திருந்தார். சம்சாரம் தொட்டம்மா வெந்நீரை மொண்டு முதுகில் ஊற்றினாள். சூடு கொஞ்சம் தூக்கல். மாதப்பன் துள்ளிக் குதித்துக் கத்தினார். கத்தியது சுத்தக் கன்னடம். தொட்டம்மாவும் கன்னடத்தில் சிரித்தாள். முதுகு தேய்த்து முடிகிறவரை புறாக் கூட்டில் கேட்கிற மாதிரி கொஞ்சலும் குழைவுமாக எல்லாம் அதே பாஷைதான். அது இன்னொரு பாஷை என்றே மாதப்பனுக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்குள் வாய் தானாகப் போகிற போக்கு அது. தொட்டம்மாதான் சுவரில் பல்லியைப் பார்த்துவிட்டுச் சொம்பைக் கீழே போட்டாள்.

பௌர்ணமி அன்று காலையில் சாவடி நிறைய ஜனம். அதிகாரி ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தார். பல்லி தூணில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மாதப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். "மொதல்ல எங்க வீட்ல இருந்து ஆரம்பிக்கட்டும். பெரியவன் வீடு சரியா இருந்தாத்தான ஊரைக் கேக்க முடியும்? சொல்லு பல்லியக்கா, எங்க வீட்ல என்ன பாஷை?"

தொட்டம்மாவுக்கு முகம் வெளுத்தது. ஓபுலம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

பல்லி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் பெரியவர் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாக இடிய வேண்டும், முட்டையும் போகும். பொய் சொன்னால் கால் போகும். மாதப்பன் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று பரிதாபம் பொங்கியது. வாயிலிருந்து தானாக வந்தது:

"ச்சு... ச்சு... ச்சு..."

"என்ன சொல்லுது?" என்றார் அதிகாரி.

"நெசம்தான்னு சொல்லுதுங்க," என்றார் மாதப்பன்.

"கெணறு வெட்டுறவங்க வீட்ல?"

"ச்சு... ச்சு..."

"நெசவாளி வீட்ல?"

"ச்சு... ச்சு..."

அதிகாரி தலையை ஆட்டினார். "எல்லா வீட்லயும் ஒரே மாதிரிதான் இருக்குது. எங்க வீட்லயும் இப்படித்தான் உச்சுக் கொட்டுவாங்க. எங்க அம்மா பாஷையில..." என்று தொடங்கியவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அவசரமாக ஓலையில் 'ஒரே பாஷை' என்று எழுதினார்.

பல்லி மெதுவாக ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

இன்னும் ஏதாவது பேசிவிடப் போகிறாளோ என்று தொட்டம்மாவுக்குப் பயம். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆள்காட்டி விரலால் தரையில் மூன்று தரம் தட்டினாள். போதும் தாயே, வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்கட்டும் என்று அர்த்தம்.

பல்லக்கும் வந்தது. முதல் நாள் தூக்கியதுமே மாதப்பன் தலை மேல்கட்டையில் மோதியது. தெருவென்றும் பார்க்காமல் கன்னடத்தில் அலறினார். தூக்கியவர்கள் தெலுங்கில் சிரித்தார்கள்.

ஓபுலம்மா வீட்டு விரிசலில் முட்டை இரண்டும் பொரிந்தன. வாயைத் திறந்தால் பல வீட்டுப் பேச்சும் கொட்டிவிடும் என்று பல்லியக்கா அதற்குப் பிறகு அந்த 'ச்சு'வைத் தவிர வேறு எதுவுமே பேசவில்லை. குஞ்சுகளும் அவளிடம் கேட்டதைத்தான் படித்துக்கொண்டன.

அன்று பிடித்துத்தான் பல்லி எல்லா வீட்டிலும் 'ச்சு ச்சு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நாம் ஏதாவது பேசும்போது அது சொன்னால், நிஜம்தான் என்று தலையாட்டிவிட்டு விரலால் தரையைத் தட்டுகிறோமே, அது தொட்டம்மா தட்டிய தட்டுதான்.